மாமாவோடு ஒன்றைக் கூட்டிய கதை

நான் செய்த தப்புகள் என்னைப் பெரிதாகக் கெடுத்ததில்லை. தப்பைத் திருத்துகிறேன் பேர்வழி என்று கிளம்பியதுதான் ஒவ்வொரு முறையும் கெடுத்திருக்கிறது. குழம்பில் உப்பு கூடிவிட்டால் தண்ணீர் ஊற்றி, தண்ணீர் கூடிவிட்டது என்று மறுபடி உப்புப் போட்டு, கடைசியில் அண்டா நிறையக் குழம்போடு நிற்கிற ஆள் நான். (என் வீட்டுக்காரரைக் கேளுங்கள். சாட்சி சொல்ல முதல் ஆளாக வந்து நிற்பார்.)

என் தம்பி சந்துருவின் கல்யாணத்தில் நடந்ததும் அதுதான். குழம்புக்குப் பதில் சொந்தபந்தம், அவ்வளவுதான் வித்தியாசம்.

பீளமேட்டில் ஒரு பேக்கரிக்கு மேல்மாடியில் எங்கள் ஆபீஸ். சின்னக் கம்பெனி. முதலாளி விவேக் என்னைவிட வயதில் சின்னவர், என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவார். கல்யாண மண்டபக்காரர்களுக்காக நாங்கள் ஒரு அழைப்பு ஆப் செய்து கொடுத்திருந்தோம். விசேஷ வீட்டார் உறவினர்களின் பெயரையும் போன் நம்பரையும் ஏற்றி, ஒவ்வொருவரும் என்ன முறை என்று தேர்ந்தெடுத்துவிட்டால் போதும். அந்த முறைக்கு ஏற்ற வாசகத்தோடு அவரவர் போனுக்கு அழைப்பு போய்விடும். பங்காளிக்கு ஒரு வாசகம், தாய்மாமனுக்கு ஒரு வாசகம், சம்பந்திக்கு ஒன்று, நண்பருக்கு ஒன்று, ஊர்க்காரருக்கு ஒன்று. வாசகங்கள் எல்லாம் என் கைவண்ணம். நம் பக்கத்தில் எல்லோரையும் ஒரே மாதிரி கூப்பிட்டால் யாருமே வரமாட்டார்கள் என்று விவேக்கிடம் அடித்துப் பேசி இந்த வசதியைச் சேர்க்கவைத்தவளும் நான்தான்.

பங்காளிக்கான வாசகம் இது: "நம் வீட்டுக் கல்யாணம். முந்தின நாளே வந்துவிடுங்கள். பந்தியைப் பார்த்துக்கொள்வது உங்கள் பொறுப்பு." தாய்மாமனுக்கு: "நீங்கள் இல்லாமல் பந்தலில் எதுவும் தொடங்காது. முன்நின்று பட்டம் கட்டி வாழ்த்த வரவேண்டும்." சம்பந்திக்கு: "தங்கள் அருமை மகளை எங்கள் வீட்டு மருமகளாகப் பெற்றதில் பெருமை கொள்கிறோம்." எழுதி முடித்ததும் எனக்கே கண் கலங்கியது. எழுதிய கையை முத்தமிடாததுதான் குறை.

இனி தாராபுரத்து மாமாவைப் பற்றிச் சொல்லியாகவேண்டும். அம்மாவுடன் பிறந்த ஒரே அண்ணன். தாராபுரத்தில் கொப்பரைக் களம் வைத்திருக்கிறார். அப்பா இறந்த அன்று எங்கள் வீடு இருக்கும் சூலூருக்கு வந்தவர், எல்லாம் முடிந்து எல்லோரும் போன பிறகும் ஒரு மாதம் ஊருக்குத் திரும்பவில்லை. சந்துருவைக் கல்லூரியில் சேர்க்கப் போய் நின்றவரும் அவர்தான். அவருக்கு ஒரே பெண், கோகிலா. அவளைச் சந்துருவுக்குக் கொடுக்கவேண்டும் என்பது அவருடைய ஆசை. மாமன் மகள், முறைப்பெண், ஆசைப்படுவதில் தப்பே கிடையாது. ஆனால் சந்துருவும் கோகிலாவும் சின்ன வயதிலிருந்து ஒருவர் முடியை ஒருவர் பிடித்து இழுத்து வளர்ந்தவர்கள். கல்யாணம் என்றதும் இருவரும் ஒரே மாதிரி முகத்தைச் சுளித்தார்கள். அம்மா ஜாதகம் பொருந்தவில்லை என்று அண்ணனிடம் சொல்லிப் பார்த்தாள். ஜாதகத்தின் மேல் பழி போட்டிருக்கிறோம் என்பது மாமாவுக்குத் தெரியாதா? அந்தத் தீபாவளிக்கு அவர் சூலூருக்கு வரவே இல்லை.

அம்மா அதற்குப் பிறகு பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். சந்துருவுக்கு கோபியில் பெண் நிச்சயமானதும், குலதெய்வக் கோயிலுக்கு அடுத்தபடியாக தாராபுரத்துக்குத்தான் பத்திரிகையோடு போனோம். தட்டில் வெற்றிலை பாக்கு, பழம், பத்திரிகை. மாமா கொஞ்ச நேரம் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு வாங்கிக்கொண்டு, "பட்டம் நாந்தானே கட்டோணும், வாரேன் போ" என்றார். எங்கள் பக்கத்துக் கல்யாணங்களில் மாப்பிள்ளையின் நெற்றியில் தாய்மாமன் பட்டம் என்கிற பட்டையைக் கட்டாமல் தாலி வரைக்கும் காரியம் போகாது. ஆனால் அம்மாவுக்கு அது சடங்கு பற்றிய கவலை இல்லை. அண்ணன் வருகிறார், அவ்வளவுதான் அவளுக்கு வேண்டியிருந்தது. திரும்பி வரும்போது பஸ்ஸில் ஜன்னல் ஓரமாக உட்கார்ந்து சின்னப்பிள்ளை மாதிரி முறுக்கு தின்றுகொண்டு வந்தாள்.

இந்த நிலைமையில்தான் என் திறமை உள்ளே நுழைகிறது.

நேரில் அழைத்தவர்களுக்கும் நாள் நெருங்கும்போது ஆப் வழியாக ஒரு அழைப்பு போகட்டும் என்று நான் சொன்னேன். அம்மா ஒவ்வொரு பெயராகச் சொல்லச் சொல்ல நானே உட்கார்ந்து எல்லோரையும் ஏற்றிவிட்டேன். அதன் பிறகு சந்துரு வந்தான். அவன் ஆபீஸ்காரர்களை விடிகாலை முகூர்த்தத்துக்குக் கூப்பிட முடியாது, அதனால் ஆப்பில் "ஆபீஸ்" என்று ஒரு முறை வேண்டும் என்றான். அதுவும் பட்டியலில் முதலிலேயே வேண்டுமாம். ஒரு பெரிய கூட்டத்தை ஏற்றவேண்டும், ஒவ்வொரு தடவையும் கீழே வரைக்கும் தள்ளினால் கட்டைவிரல் வலிக்கிறதாம். மாப்பிள்ளை கேட்டால் மறுக்க முடியுமா? புரோகிராமில் இருந்த பட்டியலின் தலையில் "ஆபீஸ்" என்று ஒரு வரி சேர்த்தேன். வாசகமும் எழுதினேன்: "உங்கள் வேலைப் பளுவை நாங்கள் அறிவோம். முகூர்த்தத்துக்கு வர இயலாவிட்டாலும், மாலை வரவேற்புக்கு வசதிப்பட்டால் வந்து செல்லவும்." காபி ஆறுவதற்குள் வேலை முடிந்துவிட்டது.

இங்கே கொஞ்சம் தொழில் ரகசியம் சொல்லவேண்டும். பயப்படாதீர்கள், சின்ன விஷயம்தான். தகவலெல்லாம் டேட்டாபேஸில் கட்டம் கட்டமாக இருக்கும். புரோகிராம் வேறு பாஷை பேசும். இரண்டுக்கும் நடுவில் கல்யாணத் தரகர் மாதிரி ஒரு மென்பொருள் உட்கார்ந்துகொண்டு, அங்கே இருப்பதை இங்கேயும் இங்கே இருப்பதை அங்கேயும் சொல்லிக்கொண்டிருக்கும். ஓ.ஆர்.எம். என்று அதற்குப் பெயர். எங்கள் டேட்டாபேஸில் "முறை" என்ற கட்டத்தில் பங்காளி, மாமன் என்றெல்லாம் எழுதியிருக்காது. வெறும் எண்தான் இருக்கும். புரோகிராமில் உள்ள பட்டியலில் எத்தனையாவது இடமோ அதுதான் எண். நாங்கள் பூஜ்யத்திலிருந்து எண்ணுகிறவர்கள் என்பதால் பங்காளி பூஜ்யம், தாய்மாமன் ஒன்று, சம்பந்தி இரண்டு, நண்பர் மூன்று, ஊர்க்காரர் நான்கு.

நான் பட்டியலின் தலையில் ஒருவரை உட்காரவைத்ததும் மற்றவர்கள் எல்லோரும் ஒரு இடம் கீழே நகர்ந்துவிட்டார்கள். புரோகிராமுக்கு இப்போது ஆபீஸ்தான் பூஜ்யம், பங்காளி ஒன்று, தாய்மாமன் இரண்டு, சம்பந்தி மூன்று. ஆனால் டேட்டாபேஸில் ஏற்கனவே எழுதிவைத்த எண்கள் எழுதினபடியே இருந்தன. தரகர் என்ன செய்வார், பாவம்? அங்கே பூஜ்யம் என்று இருக்கிறதா, இங்கே வந்து ஆபீஸ் என்று சொல்லிவிட்டார்.

இதைச் சோதித்துப் பார்க்கவில்லையா என்று கேட்பீர்கள். பார்த்தேன். சோதனைக்கென்று வைத்திருந்த காலி டேட்டாபேஸில் புதிதாகப் பெயர்களை ஏற்றிப் பார்த்தேன். எல்லாம் அழகாக வந்தது. பழைய ஆட்களே இல்லாத வீட்டில் சண்டை எப்படி வரும்?

வெள்ளிக்கிழமை காலை அம்மா நல்ல நேரம் பார்த்துச் சொன்னாள். போனைச் சாமி படத்துக்கு முன்னால் வைத்து, ஓரத்தில் மஞ்சள் தடவி, "அமுக்கு கண்ணு" என்றாள். அமுக்கினேன்.

முதலில் வந்தவர் பக்கத்து வீட்டிலேயே இருக்கும் பெரியப்பா. அப்பாவின் அண்ணன், முதல் பங்காளி. போனைக் கையில் பிடித்துக்கொண்டு, வேட்டியை மடித்துக் கட்டாமலேயே வந்துவிட்டார். எனக்கு என்ன வேலைப் பளு என்று கேட்டார். ரிட்டையர் ஆகிப் பல வருஷம் ஆகிறது, காலையில் பேப்பர் படிப்பதைத் தவிர ஒரு வேலையும் இல்லை, என்னை எதற்கு முகூர்த்தத்துக்கு வரவேண்டாம் என்கிறீர்கள் என்று அம்மாவிடம் கேட்டார். அம்மா என்னைப் பார்த்தாள். நான் என் போனைப் பார்த்தேன். அதற்குள் அது வரிசையாக அடிக்க ஆரம்பித்திருந்தது. சந்துருவின் நண்பர்கள் எல்லோருக்கும் சம்பந்தி வாசகம் போயிருந்தது. அதில் ஒருவன், எனக்கே இன்னும் பெண் கிடைக்கவில்லை, நீங்கள் எப்போது என் மகளை மருமகளாக எடுத்தீர்கள் என்று கேட்டு எழுதியிருந்தான். கோபியில் இருக்கும் நிஜச் சம்பந்திக்கு, அதாவது பெண்ணின் அப்பாவுக்கு, தாய்மாமன் வாசகம் போயிருந்தது. முன்நின்று பட்டம் கட்டவேண்டுமாம்.

"மாமாவுக்கு என்னன்னு போச்சு?" என்றாள் அம்மா. அவள் கேட்டது அந்த ஒன்றைத்தான்.

பார்த்தேன். மாமாவுக்குச் சரியாகப் போயிருந்தது. நீங்கள் இல்லாமல் பந்தலில் எதுவும் தொடங்காது என்றே போயிருந்தது. மாமா அதற்குக் கும்பிடுவது போல ஒரு படம் கூட அனுப்பியிருந்தார். முந்தின நாள்தான் மாமா போன் நம்பரை மாற்றி, கோபி வரைக்கும் எல்லோருக்கும் தெரிவித்திருந்தார். நான் பழைய பதிவை அழித்துவிட்டு அவரைப் புதிதாக ஏற்றியிருந்தேன். புதிதாக ஏற்றியதால் புதிய கணக்குப்படி இரண்டு என்று பதிந்திருந்தது. இந்தக் காரணமெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அப்போது தெரிந்ததெல்லாம், கடவுள் இருக்கிறார் என்பது மட்டும்தான். அம்மா நெஞ்சில் கை வைத்து அப்படியே உட்கார்ந்தாள். "மத்தவீங்களுக்கு நான் சொல்லிக்கறேன், அண்ணனுக்குச் சரியாப் போச்சே, அது போதும்" என்றாள்.

அந்த இடத்தில் நான் போனை அணைத்துவிட்டு உப்புமா தின்னப் போயிருந்தால் இந்தக் கதையே இல்லை.

திருத்தவேண்டுமே! ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு பீளமேட்டுக்குப் பறந்தேன். பட்டியலையும் எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்ததும் கோளாறு பளிச்சென்று தெரிந்துவிட்டது. எல்லோரும் ஒரு இடம் பிந்தியிருக்கிறார்கள், அவ்வளவுதான். எல்லோருடைய எண்ணோடும் ஒன்றைக் கூட்டினால் சரியாகிவிடும். கண்டுபிடித்த வேகத்தில் எனக்கே என் மேல் மரியாதை வந்தது. விவேக், எதற்கும் டேட்டாபேஸை ஒரு காப்பி எடுத்துவைத்துக்கொண்டு கை வையுங்கள் அக்கா என்றார். எனக்கா சொல்கிறீர்கள் என்பது போல ஒரு பார்வை பார்த்தேன். (அந்தப் பார்வையை இன்றுவரை விவேக் மறக்கவில்லை. புதிதாக வேலைக்குச் சேருகிறவர்களுக்கு நடித்தே காட்டுகிறார்.)

ஒரே வரியில் கட்டளை கொடுத்தேன். டேட்டாபேஸில் இருந்த எங்கள் கல்யாணத்து ஆட்கள் அத்தனை பேரோடும் ஒன்று கூடியது. சரிபார்க்காமல் விட்டேனா? அதுவும் இல்லை. பெரியப்பாவைப் பார்த்தேன், பங்காளி என்று காட்டியது. கோபிக்காரரைப் பார்த்தேன், சம்பந்தி. சந்துருவின் நண்பன், நண்பர். மாமாவை மட்டும் பார்க்கவில்லை. அவர்தான் முதலிலேயே சரியாக இருந்தாரே, அவரை எதற்குப் பார்க்கவேண்டும்?

முதலிலேயே சரியாக இருந்ததால்தான் பார்த்திருக்கவேண்டும். பட்டியல் மாறிய பிறகு ஏற்றியவர்களின் எண் ஏற்கனவே சரி. அவர்களோடும் ஒன்றைக் கூட்டினால் அவர்கள் இல்லாத இடத்துக்குப் போய்விடுவார்கள். டேட்டாபேஸில் இருக்கும் ஒரு இரண்டு, பழைய கணக்கில் சம்பந்தியா, புதிய கணக்கில் மாமனா என்று அந்த எண்ணைப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது. அதற்கு முகமா இருக்கிறது? மாமா இரண்டிலிருந்து மூன்றானார். மூன்று என்றால் சம்பந்தி.

அதோடு நான் விட்டிருந்தாலும் பரவாயில்லை. மன்னிப்புக் கேட்கவேண்டுமே! எல்லோருக்கும் ஒரு முன்னுரை எழுதி, அதன் கீழே திருத்திய அழைப்பு வருகிற மாதிரி செய்து, மறுபடி அமுக்கினேன். மாமாவின் போனுக்குப் போனது இதுதான்: "வணக்கம். முன்பு தங்களுக்கு அனுப்பிய அழைப்பு தவறுதலாக அனுப்பப்பட்டது. அதைப் பொருட்படுத்த வேண்டாம். சரியான அழைப்பு கீழே. மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு, தங்கள் அருமை மகளை எங்கள் வீட்டு மருமகளாகப் பெற்றதில் பெருமை கொள்கிறோம்."

பெண்ணைக் கொடுக்கிறேன் என்று வந்து கேட்டு, நாங்கள் வேண்டாம் என்று சொன்ன மனிதருக்கு.

மத்தியானம் அம்மா போன் செய்தாள். திட்டவில்லை. அழுதுகொண்டிருந்தாள். அண்ணன் போனை எடுக்கவில்லை, அண்ணி எடுத்து, நீங்கள் எல்லாம் பெரிய இடம், எங்களை வைத்து விளையாடுகிறீர்களா என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டாள் என்றாள். நாற்காலியில் உட்கார்ந்தபடியே அழுதேன். கீழே பேக்கரியிலிருந்து தேங்காய் பன் வாசம் வந்துகொண்டே இருந்தது, அது இன்னும் எரிச்சலாக இருந்தது.

மறுநாள் காலை நானும் அம்மாவும் தாராபுரம் போனோம். பல்லடம் தாண்டும் வரை அம்மா என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. தாண்டிய பிறகும் பேசவில்லை.

கேட்டைத் திறந்தது கோகிலா. என்னைப் பார்த்ததும் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினாள். தன்னை மருமகளாக எடுத்துக்கொண்டதைத் தன்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்று என் காதில் முணுமுணுத்துவிட்டு, உள்ளே தள்ளினாள். அவளாவது சிரிக்கிறாளே என்று இருந்தது.

மாமா களத்தில் காயவைத்த தேங்காய்களுக்கு நடுவே கட்டிலில் உட்கார்ந்திருந்தார். எப்போதும் என்னைப் பார்த்ததும் முதலில் "கண்ணு" என்றுதான் வாயில் வரும். அன்று வரவில்லை. போனை எடுத்து என்னிடம் நீட்டினார். "படி" என்றார்.

இரண்டு செய்தியையும் சத்தமாகப் படித்தேன். என் வாழ்க்கையில் நான் எழுதியதை நானே வாய்விட்டுப் படித்து இவ்வளவு அசிங்கப்பட்டதில்லை.

"தாய்மாமன்னு சொன்னது தப்பாப் போயிருச்சு, அதைப் பொருட்படுத்த வேண்டாம். சரி" என்றார் மாமா. "என்ற புள்ளைய எப்பக் கட்டீட்டுப் போனீங்க, அதைச் சொல்லு."

நான் விளக்க ஆரம்பித்தேன். வேறு என்ன செய்வேன், எனக்குத் தெரிந்தது அதுதான். களத்திலிருந்த தேங்காய்களை எடுத்து வரிசையாக வைத்தேன். இது பங்காளி, இது தாய்மாமன், இது சம்பந்தி. பெட்டிக்குள் பெயர் இருக்காது மாமா, எத்தனையாவது என்கிற எண் மட்டும்தான் இருக்கும். நான் முன்னால் இப்படி ஒரு தேங்காயை வைத்தேன், எல்லோரும் நகர்ந்துவிட்டார்கள். பிறகு எல்லோரோடும் ஒன்றைக் கூட்டினேன், நீங்கள் மட்டும் ஏற்கனவே நகர்ந்திருந்தீர்கள். சொல்லச் சொல்ல எனக்கே வேகம் வந்துவிட்டது. முடித்துவிட்டு, இப்போது புரிந்துவிட்டதா என்பது போல நிமிர்ந்து பார்த்தேன். (அட, என்ன பெண்ணடி நீ என்று இப்போது நினைத்தாலும் என்னை நானே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது.)

மாமாவுக்குப் புரியாமல் இல்லை. தேங்காய்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப உன்ற பொட்டியில எனக்குப் பேரு இல்லை. நம்பருதான்."

"ஆமாங் மாமா."

"ரெண்டுன்னா மாமன். மூணுன்னா சம்பந்தி."

"ஆமாங்."

"உங்கப்பன் போனன்னைக்கு நான் எத்தனாம் நம்பரா வந்து நின்னேன்?"

அம்மா வாயில் சேலைத் தலைப்பை வைத்துக்கொண்டாள். அத்தை உள்ளேயிருந்து காபி கொண்டுவந்தவள் வாசற்படியிலேயே நின்றுவிட்டாள்.

அந்த நேரத்தில் மாமாவின் போன் அடித்தது. கோபிச் சம்பந்தி. களத்துச் சத்தத்தில் கேட்காது என்று மாமா எப்போதும் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவார். அதனால் எல்லோருக்கும் கேட்டது. கோபிக்காரர் தன் தோட்டத்தில் மஞ்சள் வேகவைக்கிற வேலையில் இருந்ததால், என் முதல் செய்தியை மட்டும்தான் பார்த்திருக்கிறார். இரண்டாவதைத் திறக்கவே இல்லை.

"ஏனுங்க, நல்லாயிருக்கீங்களா? மாப்பிள்ளை ஊட்டுலருந்து எனக்கொரு செய்தி வந்துச்சுங்க. நாந்தான் முன்ன நின்னு பட்டம் கட்டோணுமாமா. நீங்க வரமாட்டேன்னு சொல்லிப்போட்டீங்களாட்டம் இருக்குது, அதுனாலதான் என்னையச் சொல்லியிருக்கறாங்கன்னு நெனைக்கறேன். கட்டறதுக்கு ஒண்ணுமில்லீங்க, ஆனா எனக்குப் பழக்கமில்லை. எடப்பக்கமிருந்து சுத்தறதுங்களா, வலப்பக்கமிருந்துங்களா? யாரைக் கேக்கறதுன்னு தெரியலை, அதான் உங்களையவே கேட்டுப்போடலாம்னு."

மாமாவின் முகம் போன போக்கை நான் எப்படிச் சொல்வேன்? கட்டிலைவிட்டு எழுந்தே விட்டார்.

"நீங்க எதுக்குங்க கட்டோணும்? நான் எங்க போயிட்டேன்?" என்றார். "என்ற மருமவனுக்கு நான் இருக்கறப்ப இன்னொருத்தரு பட்டம் கட்டறதா? நீங்க பொண்ணைக் கூட்டீட்டு வாங்க, அது போதும். பட்டத்தை நான் பாத்துக்கறேன்."

அந்தப் பக்கம் பெருமூச்சு விட்ட சத்தம் இங்கே வரை கேட்டது. நல்லவேளையுங்க, எனக்கு நேற்றிலிருந்து தூக்கமே இல்லை என்று சொல்லிவிட்டு வைத்தார்.

மாமா அம்மாவின் பக்கம் திரும்பினார். "நான் வரலீன்னு கோபி வரைக்கும் போயிருச்சா அம்மணி?"

"நீங்க வரலீனா இந்தக் கல்யாணமே வேண்டாம்னு சந்துருகிட்டச் சொல்லீட்டுத்தானுங்ண்ணா பஸ் ஏறுனேன்" என்றாள் அம்மா. சொல்லி முடிக்கவில்லை, அழுதுவிட்டாள். சந்துருவிடம் அவள் அப்படிச் சொல்லியிருந்தது எனக்கே அப்போதுதான் தெரியும்.

மாமா நான் வரிசையாக வைத்திருந்த தேங்காய்களைக் காலால் தள்ளிக் களத்தில் சேர்த்தார். "காபி ஆறுது, குடிங்க" என்றார். அத்தை ஓடிவந்து டம்ளர்களை வைத்தாள்.

திங்கட்கிழமை உட்கார்ந்து நிஜமான ரிப்பேரைச் செய்தேன். ஒவ்வொருவரையும் எந்தத் தேதியில் ஏற்றினோம் என்று ஒரு கட்டம் இருந்தது. பட்டியல் மாறுவதற்கு முன்னால் ஏற்றியவர்கள் வேறு, பின்னால் ஏற்றியவர்கள் வேறு என்று அதை வைத்துப் பிரித்தேன். இந்த முறை காப்பி எடுத்துக்கொண்டேன், ஒருவர் விடாமல் பார்த்தேன், மாமாவை இரண்டு தடவை பார்த்தேன். பிறகு அந்த எண் கட்டத்தையே எடுத்துவிட்டேன். இப்போது எங்கள் டேட்டாபேஸில் தாய்மாமன் என்றால் தாய்மாமன் என்றே முழுசாக எழுதியிருக்கும். பட்டியலில் யார் முன்னால் வந்து உட்கார்ந்தாலும் அவர் நகரமாட்டார். எண்ணாக இருந்தால் இடம் கொஞ்சம்தான் பிடிக்கும், இது கூடுதலாகப் பிடிக்குமே என்று விவேக் கேட்டார். பிடிக்கட்டும் என்றேன்.

இதில் ஒரு கிளைக்கதை உண்டு. சந்துருவின் ஆபீஸ்காரர்களும் பிறகு ஏற்றியவர்கள்தானே? என் முதல் திருத்தத்தில் அவர்கள் எல்லோரும் பங்காளிகள் ஆகிவிட்டார்கள். போன் செய்து சொல்லிவிட்டேன் என்று சந்துரு சொன்னான். மானேஜரை விட்டுவிட்டான். அந்த மனிதர் பெங்களூரிலிருந்து மனைவியோடு முந்தின நாள் சாயங்காலமே மண்டபத்துக்கு வந்து, பந்தி எங்கே நடக்கிறது என்று கேட்டார். பெரியப்பா யாரென்று விசாரிக்காமலேயே கையில் சாம்பார் வாளியைக் கொடுத்துவிட்டார். ராத்திரிப் பந்தி முழுவதும் அவர் பரிமாறினார். நன்றாகவே பரிமாறினார் என்று ஊரெல்லாம் பேச்சு.

முகூர்த்தத்தன்று மாமா பட்டுத் துண்டோடு பந்தலில் முன்னால் நின்றார். சந்துருவின் நெற்றியில் பட்டத்தை வைத்து, பின்னால் முடிச்சுப் போட்டார். முடித்துவிட்டு, எதிரே நின்ற கோபிக்காரரிடம், இப்படித்தானுங்க கட்டறது, பாத்துக்குங்க என்று சொன்னார். அம்மா சிரித்தாளா அழுதாளா என்று தெரியவில்லை, இரண்டும் சேர்ந்து வந்தது. எனக்கும்தான்.

கோகிலாவுக்கும் அதன் பிறகு ஈரோட்டில் கல்யாணமாகி, மாமா நிஜமாகவே ஒருவருக்குச் சம்பந்தி ஆகிவிட்டார். ஆனால் என்னை விடுவதாக இல்லை. பொங்கலுக்கோ தீபாவளிக்கோ நான் ஒரு வாழ்த்து அனுப்பினால் பதில் வாழ்த்து வராது. உடனே போன் வரும். பக்கத்தில் யார் இருந்தாலும் ஸ்பீக்கரில்தான் போடுவார்.

"கண்ணு, செய்தி வந்துச்சு. இன்னைக்கு நான் உனக்கு என்ன முறை?"

நான் "மாமா" என்று வாய்விட்டுச் சொல்லவேண்டும். சொன்ன பிறகுதான், "சரி, நல்லா இரு" என்பார்.